படுவான்கரையில் ஒரு கம்மாலை

பெப்ரவரி 23, 2024, வெள்ளி, போயா (பௌர்ணமி விடுமுறை)

மட்டக்களப்புக்கு வந்த இரவு பஸ் மன்னம்பிட்டி தாண்டியதும் நின்றது. பின் சில்லு ஒன்று போய்விட்டது. நேரம் அதிகாலை மூன்றேகால். மாற்றுச் சில்லு இருந்தது, கழற்றுகிற சாவி இல்லை. "ஆரும் தூரப் போகாதீங்க, யானை கடக்கிற இடம்" என்று கண்டக்டர் சொன்னதும் இறங்கியவர்கள் எல்லாரும் பஸ்ஸின் நிழலுக்குள்ளேயே ஒடுங்கி நின்றோம். நிழல் விழுகிற அளவுக்கு நிலவு. முக்கால் மணி நேரம் கழித்து எதிரே வந்த நெல் லொறிக்காரர் ஒருவர் நிறுத்தினார். சாவியைக் கொடுத்தது மட்டுமில்லை, தானே குந்தியிருந்து இறுகிப்போயிருந்த இரண்டு நட்டையும் கழற்றித் தந்தார். கண்டக்டர் காசு நீட்ட, கையை ஆட்டிவிட்டு ஏறிப் போய்விட்டார். அவருடைய முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

எட்டரைக்கு மட்டக்களப்பு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் புட்டும் மீன் குழம்பும், தேங்காய்ப்பூ நிறையப் போட்டு. 350 ரூபாய். கொழும்பில் இந்த மீன் துண்டுக்கே அந்தக் காசு கேட்பார்கள். பிளேன்டீக்குக் காசு வேண்டாம் என்றார் கடைக்காரர். "ராத்திரி முழுக்கத் தூங்கல்லபோல" என்றார். அவ்வளவுதான்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தெஹிவளையில் மரவேலை செய்கிறவன். அலுமாரி, மேசை, கதவு. போன டிசம்பரில் நெதர்லாந்து திருப்பித் தந்த ஆறு பொருட்களையும் பார்க்கக் கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். எல்லாரும் 1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் அள்ளிக்கொண்டு போன பீரங்கியைச் சுற்றி நின்றார்கள். வெள்ளியும் பொன்னும் கல்லும் பதித்த பீரங்கி, நிற்கத்தான் வேண்டும். நான் துவக்குகள், அதாவது பழைய துப்பாக்கிகள், பக்கமே நின்றேன். இலங்கைக் கொல்லர் செய்த பழைய துவக்கு உலகத்தில் வேறெந்தத் துவக்கு மாதிரியும் இருக்காது. மருந்தைப் பற்றவைக்கிற விசை பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். தோளில் முட்டுகிற அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். தந்தமும் வெள்ளியும் இழைத்திருப்பார்கள். போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தப் பயணி, இலங்கைத் துவக்குக் குழல்கள் வெள்ளி மாதிரி மினுங்குகின்றன, இவ்வளவு அழகாக வேறெங்கும் செய்வதில்லை என்று எழுதிவிட்டார். நூறு வருடத்துக்குள் கற்றுக்கொண்டு கற்றுக்கொடுத்தவனை மிஞ்சியவர்கள். அந்தக் கைகள் எங்கே போயின என்ற கேள்வி அன்று வீட்டுக்கு என்னோடு வந்தது.

எனக்கு அதில் ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. அம்மப்பாவிடம் ஒரு இடியன் இருந்தது. வாய் வழியாக மருந்தும் சன்னமும் போட்டுக் கம்பியால் இடித்து இறுக்குவதால் அந்தப் பெயர். பன்றிக்கும் குரங்குக்கும் வெடி வைக்க, அனுமதிப் பத்திரத்தோடு வைத்திருந்தார். அதைப் பழுது பார்த்த கொல்லரின் மகன் படுவான்கரையில் இன்னும் உலை மூட்டுகிறார் என்று மாமா போன மாதம் போனில் சொன்னார். அதுதான் கிளம்பினேன்.

மண்முனைப் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஐந்து நிமிடம் நின்றேன். வாவிக்கு இந்தப் பக்கம் சூரியன் எழுகிற எழுவான்கரை, அந்தப் பக்கம் சூரியன் படுகிற படுவான்கரை. சின்ன வயதில் இங்கே படகுப் பாதைதான். மோட்டார் சைக்கிளையும் மாட்டையும் ஒன்றாக ஏற்றுவார்கள். அப்பால் போனதும் வெள்ளாமை வட்டைதான், கண்ணுக்கு எட்டிய வரை நெல்வயல். அறுவடைக் காலம். மெஷின் ஓடுகிற தூசி வானத்தில் நிற்கிறது.

மாமா வீட்டில் இரவு இடியன் பேச்சு. "வெடி வச்சா அண்டைக்கே கழுவணும், உனக்குத் தெரியுமா மனே?" என்றார் மாமா. அம்மப்பா வட்டையிலிருந்து வந்ததும் அம்மம்மா அடுப்பில் சுடுதண்ணி வைப்பாராம். கிணற்றடியில் குழலை நிறுத்திப் பிடித்து வாய்க்குள் ஊற்றினால் கீழே கறுப்பாகத் தண்ணி வரும், கூழ்முட்டை நாற்றம். வெள்ளையாக வருகிற வரை ஊற்றி, துணி சுற்றிய கம்பியால் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசி வைப்பார்களாம். காரணம் இருக்கிறது. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாகாது, உப்பாகவும் கரியாகவும் மாறும். அதில் கொஞ்சம் புகையோடு போகும், மிச்சம் குழலுக்குள்ளேயே படியும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவேற்றிவிடும். அம்மம்மா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. சுடுதண்ணிதான் வேண்டும், எண்ணெய் முதலில் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பெப்ரவரி 24, சனி

கொல்லர் ஐயாவுக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கம்மாலை வீட்டுக்குப் பின்னால், வேப்பமரத்தின் கீழ் தகரக் கூரை. துருத்தி இல்லை, மின்சார ஊதி. "துருத்தி இழுக்க ஆள் வேணும் மனே, ஆள் எங்க?" என்றார். பட்டடை மட்டும் தகப்பன் காலத்தது, நடுவில் குழிந்து உள்ளங்கை மாதிரி இருந்தது.

நான் துவக்கு என்று வாயெடுத்ததும் முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் மறுகா பேசுவம். முதல்ல இரி" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். சரி என்று வாங்கிலில் இருந்தேன். இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே இந்தப் பயணம் என்று இப்போது நினைக்கிறேன்.

நெல் அறுக்கிற தாக்கத்தி அடித்துக்கொண்டிருந்தார். பழைய லொறி வில்லுத் தகட்டில் வெட்டிய துண்டு. சிரட்டைக்கரி நெருப்பில் அது செம்பருத்தி நிறம் வரும் வரை ஊதியை ஓட்டி, குறட்டால் எடுத்து, மூன்று அடி, நான்கு அடி, திரும்ப நெருப்பு. அவர் இரும்பை அடிக்கும்போது இரும்பைப் பார்ப்பதில்லை. சத்தத்தைக் கேட்கிறார். சத்தம் தட்டையானதும் கை தானாக நெருப்புக்குத் திரும்புகிறது. வளைவு வந்த பிறகு துவைச்சல். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் நனைத்தார், ஒரு சீறல். அப்புறம் அரத்தால் ஓரத்தை வெள்ளையாகத் தேய்த்து, நெருப்புக்குப் பக்கத்தில், நெருப்புக்குள் இல்லை, பிடித்தார்.

"இஞ்ச வா. நிறத்தைப் பார்."

வெள்ளை இரும்பில் மெதுவாக ஒரு மஞ்சள் ஊர்ந்து வந்தது. வைக்கோல் நிறம். பக்கத்திலேயே ஊதா வரத் தொடங்கும் கணத்தில் தண்ணீரில் போட்டார். "கத்திக்கு வைக்கோல். இதையும் தாண்டி நீலம் போச்செண்டா வெட்டு நிக்காது, ஆனா வளைஞ்சு நிமிரும். வில்லுக்கு நீலம்."

எந்த வில்லுக்கு என்று நான் கேட்கவில்லை. துவக்கின் குதிரையை, மருந்தைப் பற்றவைக்க அடிக்கிற சுத்தியலை, உதைத்துத் தள்ளுகிற வில்லை அவர் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது, எனக்குப் புரிந்ததென்று அவருக்கும் தெரிந்தது.

மத்தியானம் சாப்பிடாமல் விடவில்லை. வாவி இறால் தேங்காய்ப்பால் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், சிவப்புச் சோறு. அவருடைய மனைவி மூன்றாவது தடவையும் சோறு போட்டார். "இன்னும் கொஞ்சம் தின்னுங்க, வெளியூர்ப் பிள்ளை" என்று. சாப்பிட்டுக் கை கழுவியதும் அவரே தொடங்கினார்.

தகப்பன் துவக்குப் பழுது பார்த்தவர், பெரிய வயல்காரர்களான போடியார்மார் கொண்டு வருவார்கள். இவர் பையனாகத் துருத்தி இழுத்திருக்கிறார், வில் தேய்த்திருக்கிறார். புதுக் குழல் செய்ததைப் பார்த்ததில்லை. தகப்பனும் பார்த்ததில்லை, கேள்விதான்: இரும்புப் பட்டையை ஒரு கம்பி மேல் சுற்றி, நெருப்பில் வெள்ளையாக்கி, அடித்து ஒட்டி, உள்ளே துளையைக் குடைந்து நேராக்குவது. "ஒட்டு ஒரு இடத்தில பிசகினா வெடிக்கிறவன்ர முகம் போயிடும். அதால அந்த வேலைக்காரனை ராசா பக்கத்திலேயே வச்சிருந்தானாம்."

நான் மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். சுட முடியாத, சுவரில் மாட்ட மட்டும் ஒரு இடியன் உருவம், மரவேலை நான் செய்கிறேன், இரும்பு வேலை நீங்கள் செய்து தருவீர்களா?

"ஏலா மனே."

சத்தமில்லாமல்தான் சொன்னார். அப்புறம் வெற்றிலையை மடித்துக்கொண்டே காரணம் சொன்னார். முன்பு ஒருவன் வந்து கட்டுத்துவக்குக்குக் குழல் பொருத்தித் தரச் சொன்னான். பன்றி வரும் வழியில் கட்டி, கம்பி இழுத்து வைப்பது, கால் பட்டால் வெடிக்கும். இவர் மறுத்தார். அவன் வேறெங்கோ செய்வித்தான். அதில் மாட்டியது பன்றி இல்லை, விறகு பொறுக்கப் போன பக்கத்து வீட்டுப் பையன். முழங்காலுக்குக் கீழே காலில்லை. "அவன் இப்பவும் இந்த ரோட்டால ஊன்றுகோலோட போறான். நான் செய்யல்ல. ஆனா நான் செய்யத் தெரிஞ்சவன்." உருவம் என்று இன்றைக்கு ஒன்று செய்தால் நாளைக்கு யாராவது அதைத் துளைப்பான் என்றார்.

இங்கே 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அனுமதியில்லாமல் துவக்கு வைத்திருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். உருவம்தானே என்று நினைத்து வந்தேன். அவர் சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் செய்தது சரி. நான் கேட்டிருக்கக் கூடாது.

அன்றிரவு

மாமாவோடு வட்டை வாடியில், வயல் குடிசையில், காவல். அறுக்காத நெல் இன்னும் இரண்டு ஏக்கர் நிற்கிறது. மாசிப் பனி, போர்வை நனைந்துவிட்டது. மாசி மகம், நிலவு பால் மாதிரி. பதினொரு மணிக்குக் கிழக்குப் பக்கம் மூங்கில் முறிகிற மாதிரி ஒரு சத்தம். மாமா எழுந்து யானை வெடி ஒன்றைக் கொளுத்தி எறிந்தார். வெளிச்சம், இடி, பிறகு நிலவில் வெள்ளைப் புகை தரையோடு தரையாக நகர்ந்து எங்கள் மேல் வந்தது. கந்தக மணம்.

"இதுதான் அப்பாட மணம்" என்றார் மாமா.

யானைகள் போய்விட்டன. நாங்கள் விடியும் வரை தூங்கவில்லை. அம்மப்பாவின் இடியன் என்ன ஆனது என்று கேட்டேன். சண்டைக் காலத்தில் வீட்டில் துவக்கு இருப்பதே உயிருக்கு ஆபத்து என்று கொண்டுபோய் ஒப்படைத்தாராம். துண்டு ஒன்று கொடுத்தார்களாம். அந்தத் துண்டை அம்மப்பா சாகும் வரை சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

பெப்ரவரி 25, ஞாயிறு

கொல்லர் ஐயாவிடம் விடை சொல்லத்தான் போனேன். கையில் ஒரு சட்டி எருமைத் தயிர், 600 ரூபாய், வழியில் வாங்கியது. அவர் பழைய பெட்டகம் ஒன்றுக்குப் பித்தளைப் பூட்டுத் தகடு பொருத்திக்கொண்டிருந்தார். மரம் முதிரை. நான் போனில் ஒரு வீடியோ காட்டினேன். மச்சான் ஒருவன் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில், லங்காஸ்டர் பக்கம் இருக்கிறான். அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர் கராஜில் பழைய முறைத் துவக்கு செய்கிறவர். 18ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜேர்மன் கொல்லர்கள் செய்த நீண்ட குழல் துவக்கு, வரி ஓடிய மேப்பிள் மரத்தில் முனை வரைக்கும் கட்டை. எங்கள் இடியனின் குழல் உள்ளே வழுவழுப்பு. அவர்களுடையதில் திருகு மாதிரிச் சுழல் பள்ளம் வெட்டியிருக்கும், குண்டு சுழன்று போவதால் குறி தப்பாது. அங்கே அது வீட்டுப் பொழுதுபோக்கு. பெரும்பாலானவர்கள் குழலையும் விசையையும் செய்ததாகவே வாங்கி, மரத்தை மட்டும் கையால் செதுக்குகிறார்கள். வேர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பேர்க்கில் இரும்பிலிருந்து எல்லாவற்றையும் கையாலேயே செய்கிற பட்டறை ஒன்று இருக்கிறது.

ஐயா மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "குழலை வாங்கினா பாதி வேலை போச்சே" என்றார் முதலில். அப்புறம் பேசவில்லை. வீடியோவில் அந்த மனிதர் விசைத் தகட்டை விளக்கின் மேல் பிடித்துப் புகைக்கரி ஏற்றி, மரத்தில் அழுத்தி எடுத்து, கறுப்புப் பட்ட இடத்தை மட்டும் உளியால் சீவினார். திரும்பக் கரி, திரும்ப அழுத்தல்.

ஐயா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"பிள்ள, அந்தக் குப்பி விளக்க எடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். பேத்தி மண்ணெண்ணெய் விளக்கைக் கொண்டு வந்தாள். பித்தளைத் தகட்டின் முதுகைச் சுடருக்கு மேல் ஆட்டினார். தகடு வெல்வெட் மாதிரி கறுத்தது. முதிரையில் அவர் முன்பே குடைந்திருந்த பள்ளத்தில் வைத்து, கட்டை விரலால் ஒரு அழுத்து, நேராக மேலே எடுத்தார். மரத்தில் மூன்று இடத்தில் மட்டும் கறுப்பு, எறும்பு அளவு. உளியை என்னிடம் நீட்டினார். "நீ மர வேலைக்காரன்தானே. கறுப்ப மட்டும் எடு. வெள்ளையைத் தொடாத."

சீவினேன். அவர் திரும்பக் கரி பிடித்தார். இப்போது ஐந்து இடம். திரும்பச் சீவினேன். ஏழாவதோ எட்டாவதோ தடவை பள்ளம் முழுக்க ஒரே சீராகக் கறுத்தது, தகடு எந்தச் சத்தமும் இல்லாமல் உள்ளே இறங்கி உட்கார்ந்தது. ஆணி இன்னும் அடிக்கவில்லை. பெட்டகத்தைக் கவிழ்த்துப் பிடித்தார். தகடு விழவில்லை.

"எங்கப்பன் துவக்குக் கட்டைக்கு இப்பிடித்தான் வைப்பார்" என்றார். "அந்த வெள்ளக்காரன் உளியை நல்லாப் பிடிக்கிறான். ஆனா அவசரப்படுறான். சொல்லு."

இருபத்தைந்து வருடமாக மரத்தில் இரும்பு பதித்திருக்கிறேன். பென்சிலால் கோடு போட்டு வெட்டி, மிச்ச இடைவெளியைப் பசையும் மரத்தூளும் வைத்து அடைத்திருக்கிறேன். யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. ஒரு விளக்குப் புகையில் இருந்திருக்கிறது.

தாக்கத்தி ஒன்று வாங்கினேன். 1,200 சொன்னார். வெள்ளாமையை எல்லாம் மெஷின் வெட்டுவதால் வருடத்துக்கு இருபது முப்பதுதான் போகிறதாம், அதுவும் மெஷின் இறங்காத சதுப்புக்கும் வரம்போரத்துக்கும். கரி மூட்டை விலை கேட்டேன், சொன்னார், நான் 2,000 கொடுத்தேன். மிச்சத்தைப் பேத்தியிடம் கொடுத்தனுப்பி ஆட்டோ வரைக்கும் ஓடி வரச் செய்துவிட்டார்.

பின்னேரம் மட்டக்களப்பு நகரம், பஸ் வரும் வரை கோட்டை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் விட்டது. வாவியைப் பார்த்தபடி பீரங்கிகள், வாய்க்குள் இலைச் சருகு. பொடியன்கள் ஒருவர் மாறி ஒருவர் மேலே ஏறிப் படம் எடுத்தார்கள். கல்லடிப் பாலத்துக்கும் போனேன். மீன் பாடுவதைக் கேட்க வேண்டுமென்றால் சித்திரைக்குப் பிறகு வரச் சொன்னார் தூண்டில்காரர். அவித்த சோளன் 100 ரூபாய், உப்பு போதவில்லை.

பெப்ரவரி 27, செவ்வாய், கொழும்பு

நேற்று முழுக்கத் தூக்கம். இன்று வேலையைப் பாதியில் விட்டு அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

இந்த முறை தந்தத்தையும் வெள்ளியையும் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, இரும்புத் தகடும் மரமும் சேருகிற கோட்டை மட்டும் பார்த்தேன். போன தடவையும் என் கண்ணில் பட்டிருக்கும், நான் கவனிக்கவில்லை. நூற்றாண்டுகள் கடந்த மரம், எத்தனை மழைக்காலம் ஊறியும் காய்ந்தும் இருக்கும். ஒரு தாளைக்கூடச் செருக முடியாது என்று தோன்றியது. போனில் வெளிச்சம் போட்டுப் பார்க்கலாமா என்று காவலாளியிடம் கேட்டேன். முதலில் வேண்டாம் என்றார். என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவரும் என்னோடு குனிந்து பார்த்தார்.

"இது கையாலா?" என்றார்.

விளக்குப் புகையைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது மூடுகிற மணி அடித்துவிட்டது.